அரங்குக்குள் போவதற்கு முன்
காலநிலைப் பேச்சுவார்த்தைகளுக்கு மக்கள் அமைப்புகள் தயாராவது எப்படி?

(நாகப்பட்டினத்தில், கடலோர மற்றும் காவிரிப் படுகை மாவட்டங்களின் மக்கள் அமைப்புகள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"நம்மைப் போன்ற சின்ன அமைப்புகள் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குப் போய் என்ன செய்துவிட முடியும்?" எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2023-இல் துபாயில் நடந்த 28-ஆவது மாநாட்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில்களுக்காகப் பரிந்து பேச வந்தவர்கள் மட்டும் 2,456 பேர் என்று, பெயர்ப்பட்டியலை அலசிய மக்கள் அமைப்புகளின் கூட்டணி ஒன்று கணக்குச் சொன்னது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கோடியக்கரையிலிருந்து ஒருவர் போய் நின்றால் யார் கண்ணில் படுவார்?

வெறுமனே போய் நின்றால் யார் கண்ணிலும் படமாட்டார். ஆனால் கையில் சான்றும் வாயில் ஒரே ஒரு தெளிவான கோரிக்கையுமாகப் போனவர்கள் உலக நாடுகளையே அசைத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தயாரானார்கள், நாம் எப்படித் தயாராகலாம் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்தத் தயாரிப்பில் முக்கால் பங்கை விமானம் ஏறுவதற்கு வெகு முன்னால், நம் ஊரிலேயே முடித்தாக வேண்டும்.

27 மாணவர்கள்

பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்றொரு தீவு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை நம் ஊர்ப்பக்கத்து மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகையைக்கூட எட்டாது. அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள் 2019-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புவி வெப்பமாதலைத் தடுக்கத் தவறும் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வைக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. அந்த நீதிமன்றத்தின் படியேற மாணவர்களுக்கோ சங்கங்களுக்கோ உரிமை கிடையாது. ஐ.நா. பொதுச்சபை போன்ற ஓர் அமைப்பு தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் நீதிமன்றம் பதில் சொல்லும். பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவர ஓர் அரசு முன்வர வேண்டும்.

ஆகவே அவர்கள் முதலில் பசிபிக் தீவுகளின் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு செவிசாய்த்தது. பிறகு மற்ற கண்டங்களின் இளைஞர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, அவரவர் அரசை அவரவர் ஊரில் வலியுறுத்தச் செய்தார்கள். 2023 மார்ச் 29 அன்று பொதுச்சபை அந்தத் தீர்மானத்தை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. 132 நாடுகள் அதை இணைந்து முன்மொழிந்தன. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது: காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறு, பாதிக்கப்பட்ட நாட்டுக்கு ஈடு செய்ய வேண்டிய பொறுப்பும் அதிலிருந்து எழலாம்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று அவர்கள் முதலில் தெரிந்துகொண்டார்கள். தங்கள் கோரிக்கையை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டார்கள். முதல் கடிதத்தைத் தங்கள் அரசுகளுக்கு எழுதினார்கள்.

முப்பது ஆண்டுக் கோரிக்கை

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். இது நம் கரையையும் தொடும் கதை. ஐ.நா. காலநிலை உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருந்த 1991-இலேயே, சிறு தீவு நாடுகளின் சார்பில் அதே வனுவாட்டு ஒரு யோசனை சொன்னது. கடல் மட்டம் உயர்வதால் இழப்புக்கு ஆளாகும் நாடுகளுக்கு, பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதி வைக்க வேண்டும் என்றது. 1992-இல் கையெழுத்துக்கு வந்த உடன்படிக்கையில் அந்த நிதி இடம்பெறவில்லை. ஆனால் கோரிக்கை சாகவில்லை.

'இழப்பும் சேதமும்' என்ற பெயரில் அது 2013-இல் வார்சா மாநாட்டில் ஓர் அமைப்புமுறையாக உருவெடுத்தது. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவாக இடம்பிடித்தது. கூடவே, மாநாட்டுத் தீர்மானத்தின் 51-ஆவது பத்தியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: இந்தப் பிரிவை வைத்து யாரும் சட்டப் பொறுப்போ நட்டஈடோ கோர முடியாது. கதவைத் திறந்த கையோடு தாழ்ப்பாளும் போட்டார்கள். பாரிஸில் அந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த டிசம்பர் முதல் வாரத்தில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

வங்கதேசத்தின் சலீமுல் ஹக் என்ற அறிஞரை இங்கே நினைவுகூர வேண்டும். தாவரவியல் படித்தவர். 1995-இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலிருந்து 2022-இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் நடந்த 27-ஆவது மாநாடு வரை ஒன்றையும் விடாமல் கலந்துகொண்டவர். மிகவும் பின்தங்கிய நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஆலோசகராக இருந்தார். டாக்காவில் ஒரு மையம் நிறுவி இளைஞர்களையும் அதிகாரிகளையும் பழக்கினார். சிறிய நாடுகளின் பிரதிநிதிகள் மாநாட்டுக்கு மாநாடு மாறிவிடுவார்கள். சென்றமுறை யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதே புதியவருக்குத் தெரியாது. ஹக் போன்றவர்கள் அந்த நினைவை அழியாமல் காத்தார்கள். வெளியே அரங்கு வாசலில் முழக்கமிட்ட அமைப்புகளும், உள்ளே வரைவுகளை வரிவரியாகப் படித்த அமைப்புகளும் அவர்களுக்குத் துணை நின்றன.

2022-இல் பாகிஸ்தானில் மூன்று கோடிப் பேருக்கும் மேல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு வளரும் நாடுகளின் அணிக்குத் தலைமை வகித்ததும் பாகிஸ்தான்தான். ஷார்ம் அல் ஷேக் மாநாட்டின் முதல் நாளிலேயே நிதி விவகாரம் நிகழ்ச்சிநிரலில் ஏறியது. நவம்பர் 20 விடியற்காலையில், இழப்பு மற்றும் சேதத்துக்கென்று தனி நிதியம் அமைப்பதாக முடிவானது. மறு ஆண்டு நவம்பர் 30 அன்று துபாயில் அதைச் செயல்படுத்தும் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஹக் காலமானார். அந்த மாநாடு முடிவதற்குள்ளேயே மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மறுபடி மூழ்கடித்தது.

1991-க்கும் 2022-க்கும் இடையே முப்பத்தோரு ஆண்டுகள். இதைச் சொல்வது உங்களைச் சோர்வடைய வைக்க அல்ல. ஒரே கோரிக்கையை ஒரு தலைமுறைக்காலம் விடாமல் பிடித்திருந்தவர்கள் இருந்ததால்தான், பேரழிவு உலகத்தின் மனத்தைத் திறந்த நேரத்தில், நீட்டுவதற்கு ஒரு வரைவு கைவசம் இருந்தது.

உள்ளே எப்படி நடக்கிறது?

ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, 6-ஆவது பத்தி நமக்கு இடம் தருகிறது. காலநிலை விவகாரத்தில் தகுதியுள்ள எந்த அமைப்பும் பார்வையாளராகச் சேர விண்ணப்பிக்கலாம். வந்திருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால் ஒழிய சேர்த்துக்கொள்ளலாம். பதிவுச் சான்று, ஆண்டறிக்கை, வரவுசெலவுக் கணக்கு இவற்றோடு விண்ணப்பித்து ஏற்பு கிடைக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன. விவசாயிகள், தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர்கள், பழங்குடியினர், சுற்றுச்சூழல் அமைப்புகள், ஆய்வாளர்கள், உள்ளாட்சிகள், வணிக அமைப்புகள் என்று ஒன்பது அணிகளாக அவை இயங்குகின்றன. பொது அமர்வில் பேச ஓர் அணிக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடம் கிடைக்கும். நேரமில்லை என்றால் அதுவும் போய்விடும்.

உண்மையான பேரம் சிறிய அறைகளில் நடக்கிறது. முறைசாரா ஆலோசனைகளில் முதல் கூட்டத்தையும் கடைசிக் கூட்டத்தையுமாவது பார்வையாளர்களுக்குத் திறந்துவைக்கலாம் என்று 2011-இல் ஒரு பரிந்துரை ஏற்கப்பட்டது. நடுவில் நடப்பவை பல நேரம் மூடிய கதவுக்குள்தான். மொழிபெயர்ப்பும் அங்கே கிடையாது, எல்லாம் ஆங்கிலத்தில். கையில் ஒரு வரைவு இருக்கும். ஒத்துக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு பத்தியில் ஐந்தாறு அடைப்புக்குறிகூட இருக்கும். ஒவ்வோர் அடைப்புக்குறிக்குப் பின்னாலும் ஒரு நாடோ ஓர் அணியோ இருக்கிறது. யார், ஏன் என்று தெரிந்தவருக்கு அந்தக் காகிதம் ஒரு வரைபடம். தெரியாதவருக்கு அது வெறும் புரியாத ஆங்கிலம். இதைப் படிக்கப் பழக்குவதுதான் எந்தப் பயிற்சியிலும் முதல் வேலையாக இருக்க வேண்டும். பழைய வரைவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1992 முதல் 'எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்' என்ற இதழ் ஒவ்வொரு நாள் பேச்சையும் பதிவு செய்து வருகிறது. நான்கைந்து பேர் வாரம் ஒருநாள் கூடி இவற்றைப் படித்தால் ஓராண்டில் பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஜெர்மனியின் பான் நகரில் உடன்படிக்கையின் துணை அமைப்புகள் கூடுகின்றன. அதுதான் நாற்றங்கால். நவம்பரில் நடக்கும் பெரிய மாநாடு நடவு வயல். நாற்றங்காலில் விதைக்காததை வயலில் தேட முடியாது. பானில் ஒரு வரி வரைவுக்குள் ஏறாமல் போனால், நவம்பரில் அமைச்சர்கள் கூடிய பிறகு அதை ஏற்றுவது மிகக் கடினம். நம் அமைப்புகள் பலவும் நவம்பரைக் குறிவைத்தே திட்டமிடுகின்றன. நம் நாட்காட்டியை ஆறு மாதம் முன்னால் தள்ள வேண்டும்.

சான்று நம் குறிப்பேட்டில்

சரி, நாம் கொண்டுபோக வேண்டியது என்ன? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. அரசு கணக்கெடுத்தபோது சாய்ந்த மரங்களை எண்ணியது. மரம் எண்ணுவது தேவைதான். ஆனால் ஒரு தோப்பு சாயும்போது என்னவெல்லாம் சாய்கிறது என்று பாருங்கள். புதுக்கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவரை மரமேறிக்குக் கூலி இல்லை, மட்டை உரிப்பவருக்கு வேலை இல்லை, கயிறு திரிக்கும் பெண்ணுக்கு நார் இல்லை. வாய்மொழிக் குத்தகையில் தோப்பு எடுத்தவரின் பெயர் பட்டாவிலும் இருக்காது, அடங்கலிலும் இருக்காது. நிவாரணம் பட்டாதாரருக்குப் போகும், கடன் குத்தகைக்காரர் தலையில் நிற்கும். அந்த வருடம் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையின் இழப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது?

சர்வதேசப் பேச்சுவார்த்தையில் இவற்றுக்கு இடம் இருக்கிறது. பணத்தால் அளக்க முடியாத இழப்புகள் என்றும், மெல்ல மெல்ல நிகழும் பாதிப்புகள் என்றும் தனித்தனித் தலைப்புகளே உண்டு. கடல்நீர் நிலத்தடியில் ஏறுவது இரண்டாவது வகை. ஒரு மகளிர் குழு தன் ஊரின் பத்துக் கிணறுகளில் மாதம் ஒருமுறை, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து அளந்து, தேதி, அளவு, அந்த மாதம் மழை பெய்ததா, கிணற்றுநீரைக் குடிக்கப் பயன்படுத்தினார்களா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். மூன்று ஆண்டு எழுதினால் போதும். அதை ஒரு கல்லூரி வேதியியல் துறை சரிபார்த்துக் கையெழுத்திட்டுவிட்டால், உலகின் எந்த அரங்கிலும் தலைநிமிர்ந்து வைக்கக்கூடிய சான்று அது. உணர்ச்சிமிக்க உரையைக் கேட்டுக் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். தேதி போட்ட குறிப்பேட்டை மறுக்க வேண்டுமென்றால் அவர்களும் ஒரு குறிப்பேடு கொண்டுவர வேண்டும்.

கோரிக்கைக்கு ஏற்ற கதவு

அடுத்தது, கோரிக்கையை உரிய இடத்தில் வைப்பது. 'காலநிலை நீதி வேண்டும்' என்பது நம் கொடி. அதை எந்த வரைவிலும் சேர்க்க முடியாது. பட்டா இல்லாத குத்தகைக்காரரும் கூலித் தொழிலாளியும் நேரடியாக உதவி பெற வேண்டும் என்பது கோரிக்கை. அதற்குரிய இடம் இழப்பு மற்றும் சேத நிதியத்தின் வாரியம். 26 பேர் கொண்ட அந்த வாரியம் ஆண்டுக்குச் சில முறை கூடுகிறது. பாதிக்கப்பட்ட சமூகங்கள் சிறு மானியம் பெறும் வழியை நிதியத்தின் ஆவணமே குறிப்பிடுகிறது. ஆனால் தொடக்கக் கட்டத்துக்கு ஒதுக்கிய தொகை வெறும் 25 கோடி டாலர். அதில் பாதியாவது மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் போக வேண்டும் என்பது விதி. அந்த விதி நியாயமானது, நாம் அதை ஆதரிக்க வேண்டும். எனவே 'எங்களுக்குத் தாருங்கள்' என்பதோடு 'நிதியைப் பெரிதாக்குங்கள்' என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரித் தொழிலாளர்களின் எதிர்காலம் பற்றிப் பேசுபவர்கள் வேறொரு கதவைத் தட்ட வேண்டும். எரிசக்தி மாறும்போது தொழிலாளர் நிர்க்கதியாகக் கூடாது என்பதற்கான பேச்சு தனியாக நடக்கிறது. 2025-இல் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் அதற்கென ஓர் அமைப்புமுறையை உருவாக்க முடிவெடுத்தார்கள். அது இனிமேல்தான் வடிவம் பெறப்போகிறது. தொழிற்சங்கங்கள் இப்போதே நுழைந்தால் அதன் வடிவத்தில் பங்கு பெறலாம்.

நம் அரசோடு பேசுவது

பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது அரசுகள்தான். நாம் எழுதும் வரியை ஓர் அரசின் பிரதிநிதி தன் வாயால் சொன்னால்தான் அது வரைவில் ஏறும். அதனால் நம் அரசோடு பேசாமல் மாநாட்டுக்குப் போவது வீண்.

1991-இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று இந்தியாவையும் பெரும் உமிழ்வாளர் வரிசையில் சேர்த்திருந்தது. நெல் வயலில் எழும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் கார் கக்கும் கரியமில வாயுவையும் ஒரே தட்டில் வைக்கலாமா, பிழைப்புக்கான உமிழ்வும் சொகுசுக்கான உமிழ்வும் ஒன்றா என்று அவர்கள் கேட்டார்கள். டெல்டா விவசாயிக்காக உலக அரங்கில் வைக்கப்பட்ட முதல் வாதங்களில் ஒன்று அது. தலைக்கு இவ்வளவு உமிழ்வு என்று கணக்கிடும் வாதத்துக்கு அது தந்த வலு இன்றும் நிற்கிறது. எங்கே அரசின் நிலைப்பாடு நம் மக்களுக்கு நன்மை செய்கிறதோ அங்கே சான்று கொடுத்துத் துணை நிற்போம். எங்கே நாட்டுக்குள்ளேயே ஏழைக்குரிய பங்கு மறைக்கப்படுகிறதோ அங்கே அதே சான்றைக் கொண்டு கேள்வி கேட்போம். இரண்டையும் செய்யும் அமைப்பைத்தான் மதிப்பார்கள்.

முதல் படி பக்கத்திலேயே இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் மாவட்ட இயக்கம் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டின் முதல் நகல் அங்கே போகட்டும். அங்கே பதிவான ஆவணம் சென்னைக்கும், டெல்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் போகும்போது அதன் எடை கூடும்.

யார் போவது?

ஆங்கிலம் நன்றாகப் பேசுபவரை அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிரச்சினையை வாழ்ந்தவர் போக வேண்டும். மொழி தெரிந்தவர் அவருக்குத் துணையாகப் போக வேண்டும். இருவரும் குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து போக வேண்டும். பேச்சுவார்த்தையில் முகப்பழக்கமும் பழைய விவரமும் பெரிய மூலதனம். அனுப்ப முடியாத ஆண்டில் ஊரிலிருந்தே எழுத்துவழிக் கருத்து அனுப்பலாம். பல தலைப்புகளில் பார்வையாளர் அமைப்புகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். கெடு தேதி தெரியாமல் நாம்தான் விட்டுவிடுகிறோம்.

போனவர் திரும்பி வந்து கிராம சபையில் கணக்குச் சொல்ல வேண்டும். எந்த அறையில் இருந்தேன், யாரிடம் பேசினேன், எந்த வரி ஏறியது, எது விழுந்தது என்று தமிழில், எல்லாருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிரதிநிதி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடாது. 2009-இல் கோபன்ஹேகனில் கடைசி நாட்களில் ஆயிரக்கணக்கான பார்வையாளர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சில நூறு பேரை மட்டுமே உள்ளே விட்டார்கள். விசா கிடைக்காது, விடுதி வாடகை கட்டுப்படியாகாது, வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கெடுபிடிகளும் உண்டு. அதனால்தான் அனுமதிச் சீட்டை நம்பி இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்கிறேன். ஊரில் சேர்த்த சான்றும், மாவட்டத்தில் பதிவான ஆவணமும், தோழமை அமைப்புகளோடு கட்டிய உறவும் எந்தக் கதவு மூடினாலும் நம்மிடமே இருக்கும். நாம் உள்ளே போக முடியாத நாளில் நம் வரியை வேறொரு நாட்டுத் தோழர் உள்ளே எடுத்துப்போவார்.

இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் அமைப்பும் ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து இந்த மாதமே குறிப்பேட்டைத் தொடங்கட்டும். அடுத்த கிராம சபையில் அந்தக் குறிப்பேட்டை வாசித்துத் தீர்மானமாக்கி, நகலை ஆட்சியரிடம் சேர்க்கட்டும். வரைவுகளைப் படித்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு வாசிப்புக் குழு அமையட்டும். இந்த மூன்றுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை, பெரிய செலவும் கிடையாது. வளிமண்டலத்தைக் கெடுத்ததில் மிகக் குறைந்த பங்கும், அதன் விளைவைச் சுமப்பதில் மிகப் பெரிய பங்கும் நம் மக்களுடையவை. அவர்களைப் பற்றி உலகம் எழுதும் ஒவ்வொரு பத்தியிலும் அவர்களுடைய சொல் இருப்பது சலுகையாகக் கேட்டுப் பெற வேண்டியதன்று, அது அவர்கள் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தகுதியோடு தயாராவது நம் கடமை.